இரண்டு பக்கமும் புலி

என் வீட்டுக்காரர் ஆம்புரோஸைப் பற்றி நல்லபடியாக நாலு வரி வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேளுங்கள். சிலிபின் மாதா கோயில் பங்கில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. டெலிபோன் இலாகாவில் டெக்னிஷியன், யார் வீட்டு டெலிபோன் செத்தாலும் ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் ஓடிவருவார், அதிர்ந்து ஒரு சொல் பேசமாட்டார், தங்கமான மனுஷன் என்று அடுக்குவார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவர்கள் யாரும் அவரிடம் கம்பியூட்டரைப் பற்றிப் பேசியதில்லை. நான் அவரோடு ஒரே வீட்டில் இருக்கிறேன்.

இவரும் உடையப்பனும் சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். ஒரே லயம். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகள். சாலையைப் பார்த்த முன்பக்கம் இவர் குடும்பத்துக்கு, காட்டைப் பார்த்த பின்பக்கம் உடையப்பன் குடும்பத்துக்கு. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். இங்கே ஜெபமாலை சொன்னால் அங்கே கேட்கும், அங்கே முருகனுக்கு மணியடித்தால் இங்கே கேட்கும். பலகையில் முடிச்சு விழுந்த ஓட்டை ஒன்று இருந்ததாம். அதன் வழியாகத்தான் இருவரும் வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதிக்கொள்வார்களாம். கல்யாணமான புதிதில் இவர் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டபோது இரண்டு குடும்பமும் ஈப்போவுக்கு வந்துவிட்டன. உடையப்பனுக்குச் சிமெண்டு ஆலையில் மின்சாரப் பகுதியைக் கவனிக்கும் சார்ஜ்மேன் வேலை. நாங்கள் சிலிபினில், அவர்கள் புந்தோங்கில். மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் ரேடியோவில் இரண்டு பாட்டு முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். நான் பாகான் செராய்க்காரி, வயற்காட்டுக்கு நடுவே வளர்ந்தவள், ஈப்போவில் எனக்கென்று யாருமில்லை. உடையப்பன் மனைவி வீரம்மாதான் எனக்குக் கூடப்பிறந்தவள் மாதிரி இருந்தாள். அதையும் சேர்த்துத்தான் இந்த இரண்டு பேரும் கெடுத்தார்கள்.

எண்பத்து மூன்றில் இருவரும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு கம்பியூட்டர் வாங்கினார்கள். ரேடியோ ரிப்பேர் கடையாக இருந்து கம்பியூட்டர் கடையாக மாறிக்கொண்டிருந்த லியோங் கடையில் வாங்கியது. பெயர் பெற்ற அமெரிக்க மிஷினைப் பார்த்துத் தைவானில் செய்த நகல். ஒரு வாரம் எங்கள் வீட்டில், ஒரு வாரம் அவர்கள் வீட்டில். சனிக்கிழமை சாயங்காலமானால் உடையப்பன் மோட்டார் சைக்கிளை ஓட்ட, இவர் பின்னால் உட்கார்ந்து, போர்வை சுற்றிய மிஷினைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போவார். எங்கள் மகன் காய்ச்சலில் கிடந்தபோதுகூட இவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை. டிஸ்குகள் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும். அந்த டின்னும் கூடவே போய்க் கூடவே வரும்.

அந்த ஒரே மிஷினுக்குள் இரண்டு மதம் இருந்தது. மிஷினுக்குப் புரோகிராம் எழுதுவதில் இவர் பேசிக் பாஷைக்காரர். மிஷினைப் போட்டவுடன் அதுவாகவே பேசிக்கில் வந்து நிற்கும், ‘டாஸ்’ என்கிற ஏற்பாடு டிஸ்கைப் பார்த்துக்கொள்ளும். உடையப்பன் பாஸ்கல் பாஷைக்காரர். அதற்கு மிஷினுக்குள் தனியாக ஒரு கார்டு செருக வேண்டும், டிஸ்கிலும் ‘சி.பி.எம்.’ என்கிற வேறோர் ஏற்பாடு வேண்டும். ஒருவர் எழுதிய டிஸ்கை மற்றவர் ஏற்பாட்டில் போட்டால் மிஷினுக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. எரர் என்று காட்டிவிட்டு நிற்கும். இவ்வளவுதான் விஷயம். இதற்காக வளர்ந்த ஆண்கள் பேச்சை முறித்துக்கொள்வார்கள் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

முதலில் கேலியாகத்தான் இருந்தது.

“மச்சான், பேசிக்ல எழுதுறவன் நேரா நடக்கமாட்டான்லா. பத்தாவது வரியில இருப்பான், திடீர்னு முந்நூறாவது வரிக்குத் தாவுவான். கொரங்கு புத்தி” என்பார் உடையப்பன்.

“உன் பாஸ்கல்ல ஒரு வணக்கம் சொல்லணும்னாகூட மொதல்ல பாரம் நெரப்பிக் குடுக்கணும். கவர்மெண்டு ஆபீஸ் தோத்துது போ” என்பார் இவர்.

நானும் வீரம்மாவும் அடுப்படியில் சிரித்துக்கொண்டிருப்போம். கேலி எப்போது புளித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கம்பியூட்டர் கிளப்பில் சேர்ந்த பிறகு என்றுதான் நினைக்கிறேன். டவுனில் ஒரு தையற்கடை மாடியில் சனிக்கிழமைதோறும் கூடுவார்கள். சீனப் பையன்கள், மலாய் வாத்தியார் ஒருவர், நம் ஆட்கள் கொஞ்சம் பேர். ஜன்னல் பக்கம் பேசிக்காரர்கள், சுவர்ப் பக்கம் பாஸ்கல்காரர்கள். காப்பி வாங்கப் போனால்கூடத் தனித்தனியாகப் போவார்களாம். நாலு பேர் பார்க்க ஆரம்பித்ததும் இரண்டு பேருக்கும் நாக்கில் முள் முளைத்துவிட்டது. ஒரு நாள் உடையப்பன் எல்லார் முன்னாலும், “ஆம்புரோஸுக்கு என்ன, கம்பத்துல ஏறிக் கம்பி இழுக்கிறவன், அவனுக்கு பேசிக்கே ஜாஸ்தி” என்று சொல்லியிருக்கிறார். இவர் சும்மா இருந்தாரா? “பின்பக்கத்து லயத்துல பொறந்தவனுக்கு எதையும் சுத்தி வளைச்சுத்தானே வரத் தெரியும்” என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னார். நான் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

“பாஷையைப் பத்திப் பேசுனா பாஷையைப் பத்திப் பேசுங்க. லயத்தை ஏன் இழுக்கிறீங்க?”

“அவன் கம்பத்தை இழுத்தானே!”

இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது?

இங்கே டிஸ்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் டிஸ்க் சதுரமாக, அப்பளம் போல மெல்லியதாக இருக்கும். ஒரு பக்கம்தான் எழுதலாம் என்று விற்பார்கள். ஓரத்தில் காகிதம் துளைக்கிற கருவியால் ஒரு வெட்டுப் போட்டுவிட்டால் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலும் எழுதலாம். ஈப்போவில் கம்பியூட்டர் வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கைவேலை. இவர்கள் இருவரும் ஒவ்வொரு டிஸ்கையும் இப்படி வெட்டிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். லேபிள் ஒட்டிய முன்பக்கம் இவருடைய டாஸ், லேபிள் இல்லாத பின்பக்கம் உடையப்பனின் சி.பி.எம். லயத்தில் இருந்த அதே ஏற்பாடு. பங்கு போட்டபோது இரண்டு பேரும் அதை யோசிக்கவில்லை. அந்த வாய்ச்சண்டைக்குப் பிறகு ஒருவர் யோசித்திருக்கிறார்.

எண்பத்து ஐந்தில் கிளப் ஒரு பொதுக்காட்சி வைத்தது. எங்கள் கோயில் பக்கத்து மண்டபத்தில், ஞாயிறு பூசை முடிந்த பிறகு. அதற்குத்தான் இவர்கள் ஆடுபுலி ஆட்டம் செய்தார்கள். தோட்டத்தில் சிமெண்டுத் தரையில் கரிக்கட்டியால் கோடு போட்டு, ரப்பர்க் கொட்டை ஆடாகவும் சோடா மூடி புலியாகவும் வைத்து விளையாடியது. மூன்று புலி ஆடுகளைத் தாவித் தின்னப் பார்க்கும், ஆடுகள் கூட்டம் சேர்ந்து புலிகளை அசையவிடாமல் கட்டப் பார்க்கும். புலியை இவர் பேசிக்கில் எழுதுவது, ஆட்டை உடையப்பன் பாஸ்கலில் எழுதுவது. இரண்டும் ஒரே டிஸ்கின் இரண்டு பக்கத்தில். ஆடு ஒரு நகர்வு நகர்ந்ததும் ஆட்டத்தைத் தன் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். உடனே டிஸ்கைத் திருப்பிப் போட்டு மிஷினை அணைத்துப் போட வேண்டும், புலி எழுந்திருக்கும், ஆடு எங்கே போனது என்று கையால் தட்டிச் சொன்னால் அது பாயும். பிறகு மறுபடி திருப்பல். ஒரு ஆட்டம் முடிய அரை நாள் ஆகும். யார் பாஷை உசத்தி என்று ஊரறியத் தெரிந்துவிடும் என்று இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். ஒத்திகைகூடக் கிடையாது. ஒத்திகை பார்த்தால் எதிராளி தன் குறையைக் கண்டுகொள்வானாம்.

அந்த உடையப்பன் மட்டும் லேசுப்பட்ட ஆளா? இவர் புலிக்கு வேறொரு டிஸ்கில் ஒரு பிரதி வைத்திருந்தார். உடையப்பன் ஆட்டுக்குப் பிரதியே இல்லை. “ஒழுங்கா எழுதுனதுக்கு காப்பி எதுக்கு? அது பேசிக்காரன் பயம்” என்று என் காது கேட்கச் சொன்னார். மாதக்கணக்கில் சிமெண்டுத் தூசியோடு வந்து குளிக்காமல்கூட உட்கார்ந்து எழுதிய ஆடு அது. வீரம்மா அழாத குறையாகச் சொல்வாள். அந்த மனிதர் வாழ்க்கையில் அவ்வளவு உழைத்துச் செய்த வேறொன்று கிடையாது.

காட்சிக்கு முந்தின வாரம் மிஷின் புந்தோங்கில் இருந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தது. சனிக்கிழமை மத்தியானம் நான் அதே அறையில் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இவர் ஆடுபுலி டிஸ்கை எடுத்து, லேபிள் மேலே இருக்கிற மாதிரி, பழக்கப்படி போட்டார். மிஷின் கரகரவென்று இழுத்துவிட்டு எரர் காட்டியது.

“ரோசாக்!” என்றார். கெட்டுப்போய்விட்டதாம். “நாளைக்குக் காட்சியை வெச்சுக்கிட்டு என் பக்கம் ரோசாக் ஆயிருச்சு பாரு. மோட்டார்ல குலுக்கிக் கொண்டாந்திருப்பான்.”

“அவரை ஒரு வார்த்தை கேளுங்க.”

“அவன்கிட்ட என்ன கேக்குறது? என் பக்கம், என் புலி. காப்பி இருக்கு.”

டாஸ்காரர்களிடம் ‘இனிட்’ என்று ஒரு கட்டளை உண்டு. டிஸ்கின் அந்தப் பக்கத்தில் இருப்பதை எல்லாம் துடைத்துப் போட்டுப் புதிதாக்கிவிடும். கேட்காமல் கொள்ளாமல் அதைத் தட்டினார். மிஷின் கொஞ்ச நேரம் முனகியது. அதன் பிறகு பிரதியிலிருந்து புலியை அதில் ஏற்றி, சரியாக எழுந்திருக்கிறதா என்று பார்த்துத் திருப்திப்பட்டு, எனக்கு ஒரு தேத்தண்ணி என்றார். நானும் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் மண்டபம் நிறைய ஜனம். பங்குச் சாமியார்கூட வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டத்தில் முதலில் ஆட்டைத்தான் வைக்க வேண்டும், ஆகையால் உடையப்பன் முறை. நீலச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டு வந்தவர், டிஸ்கை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டி, லேபிள் மேலே வைத்துப் போட்டார். அப்போதே எனக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. லேபிள் பக்கம் இவருடையது அல்லவா?

திரையில் புலி வந்தது.

உடையப்பன் முகத்தில் ஈயாடவில்லை. டிஸ்கை வெளியே எடுத்துப் பார்த்தார். திருப்பிப் போட்டார். மறுபடியும் புலி. ஜனம் சிரித்தது. பாஸ்கல்காரர்கள் எழுந்து நின்றார்கள்.

“இனிட் பண்ணியா?” என்றார் உடையப்பன்.

“என் பக்கத்தைத்தானே பண்ணேன். லேபிள் பக்கம்.”

“லேபிள் பக்கம் என்னுது. மாத்தி ஒட்டியிருந்தேன்.”

“யாரைக் கேட்டு மாத்துன?”

“நீ யாரைக் கேட்டு அழிச்ச?”

விஷயம் இதுதான். ஊர் முன்னால் வைக்கப்போகிற டிஸ்கிலாவது தான் முன்பக்கமாக இருக்க வேண்டும் என்று அந்த மனிதருக்கு ஒரு வீம்பு. லேபிளை உரித்து மறுபக்கம் ஒட்டிவிட்டு, மண்டபத்தில் சொல்லி இவர் மூக்கை உடைக்கலாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். இவருக்கோ தன் டாஸ் படிக்க முடியாதது எல்லாம் கெட்டுப்போனது என்ற நினைப்பு. இரண்டு திமிருக்கும் நடுவில் ஆடு செத்தது.

அப்போதாவது இவர் வாயைத் திறந்து, தப்பு நடந்துபோச்சு மச்சான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது, சாமியார் பார்த்துக்கொண்டிருந்தார், நான் கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தேன். இவர் என்ன சொன்னார் தெரியுமா?

“போகட்டும்லா. உன் ஆடு என் புலிக்கு ஒரு வாய்க்குப் பத்தாது.”

உடையப்பன் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட அன்றோடு முடிந்திருக்கும். சட்டை மடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, வீரம்மாவைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை பாகப்பிரிவினை. உடையப்பன் எங்கள் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. ஆளுக்குப் பாதி என்றால் பாதிதான் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. மிஷினும் திரையும் அவருக்கு. டிஸ்கைப் படிக்கிற டிரைவும் பிஸ்கட் டின்னும் இவருக்கு. மிஷினைத் தூக்கிக் கொடுக்கும் முன் இவர் மூடியைத் திறந்து, உடையப்பனின் பாஸ்கலுக்கு வேண்டிய கார்டைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இவருக்கு அந்தக் கார்டு எதற்கும் உதவாது. மிஷின் இல்லாமல் டிரைவும் உதவாது. அங்கே டிரைவ் இல்லாத மிஷினைப் போட்டால் பேசிக் ஒன்றுதான் வரும். பாஸ்கல்காரர் வீட்டில் பேசிக் மட்டும் பேசுகிற மிஷின், பேசிக்காரர் வீட்டு மேசை இழுப்பறையில் பாஸ்கல் கார்டு. உடையப்பன் அதை ஒரே தடவை போட்டுப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டாராம். வீரம்மா பின்னால் சொன்னாள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம். சனிக்கிழமை சாயங்காலங்களில் இந்த மனிதரைச் சமாளிப்பது ஒரு தண்டனை. கிளப்புக்கும் போகமாட்டார். சும்மா ஓடுகிற மோட்டார் சைக்கிளைப் பிரிப்பார், மாட்டுவார். யாராவது உடையப்பன் பெயரை எடுத்தால், “ஒரு வாய்க்குப் பத்தாத ஆடு” என்று அதே பாட்டு. வேறு கூட்டாளி என்று ஒருவரும் வரவில்லை, இவரும் தேடவில்லை. என்னிடம் பேசினாலும் பாதியில் நிறுத்திவிடுவார். சொல்ல வந்தது எனக்குப் புரியாது என்று அவருக்கே தெரியும். புரிகிற ஒரே ஆள் புந்தோங்கில் இருந்தார். எனக்கு இவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. நாமாக ஒரு சொல்லைச் சொன்னால் தீர்கிற கஷ்டத்துக்கு யார் இரக்கப்படுவது?

இதற்குள் ஊர் இந்த இரண்டு பேருடைய மதத்தையும் கழற்றிப் போட்டுவிட்டது. லியோங் கடையில் ஐ.பி.எம். நகல்தான் அடுக்கியிருந்தார்கள். டாஸ் என்ற பெயரில் வேறொரு டாஸ் வந்துவிட்டது. சி.பி.எம். என்றால் கடைப் பையன் யார் என்று கேட்கிறான். கிளப்பும் கலைந்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவனும் சுவர்ப் பக்கம் உட்கார்ந்தவனும் இப்போது ஒரே மிஷின், ஒரே ஏற்பாடு. இவர்கள் இருவர் மட்டும் செத்துப்போன சாமிகளுக்காகப் பேசாமல் இருந்தார்கள்.

எண்பத்து எட்டில் ஒரு நாள் புந்தோங் பாசாரில் வீரம்மாவைப் பார்த்தேன். நாங்கள் இருவரும் ஒளிந்து ஒளிந்துதான் பேசிக்கொள்வோம்.

“அக்கா, நாங்க சித்தியவானுக்குப் போறோம். அவருக்கு லுமுட் பக்கம் வேல கெடச்சிருச்சு. மாசக் கடைசியில லோரி வருது” என்றாள்.

“உங்க அண்ணன்கிட்ட சொல்லவா?”

“சொல்லுங்க. வருவாரா?”

சொன்னேன். “போறவன் போகட்டும்” என்றார். பேப்பரில் கார்ட்டூன் பக்கத்தைத் திருப்பினார். அதே பக்கத்தை மறுபடி திருப்பினார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் டிரைவ், பிஸ்கட் டின், அந்தக் கார்டு மூன்றையும் பாசார் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

உடையப்பன் கைலியோடு உட்கார்ந்து சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். இரவு ஷிப்டாம். தலை முன்னால் நரைத்திருந்தது. கூடையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“அவன் அனுப்புனானா?”

“இல்லண்ணே. அவருக்குத் தெரியாது. நானாத்தான் கொண்டாந்தேன்.”

“அப்ப எடுத்துட்டுப் போ, தங்கச்சி.”

“அக்கா வெயில்ல தூக்கிட்டு வந்திருக்காங்க, தண்ணிகூட குடிக்கல, நீங்க பாட்டுக்குப் போங்கறீங்க!” என்று வீரம்மா சத்தம் போட்டாள். அதற்குள் அவர் கை கூடைக்குள் போயிருந்தது. பெட்டிக்குள் போகவிருந்த மிஷினை மேசைமேல் வைத்து, ஒயரைச் செருகி, ஆடுபுலி டிஸ்கைப் போட்டார். கார்டை ஒரு தடவை துடைத்துப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். அதற்கு வேலை இல்லையே, அவர் எழுதியதுதான் ஒன்றுமில்லையே.

திரையில் இங்கிலீஷ் எழுத்தில் ‘புலி ரெடி’ என்று வந்தது. உடையப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆட்டின் நகர்வுகளை யோசிக்காமல் தட்டினார். மூன்று வருஷமாக மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார் என்று எனக்கே தெரிந்தது. புலி ஓர் ஆட்டைத் தின்றது. இன்னொன்றைத் தின்றது. அவர் பதறவில்லை. வீரம்மா சோறு ஆக்கி முடித்தபோது மூன்று புலிக்கும் நகர வழியில்லாமல் ஆடுகள் சுற்றி நின்றன.

“போய்ச் சொல்லு” என்றார். “அவன் அழிச்ச ஆடு இதைத்தான் செஞ்சிருக்கும். ஒரு வாய்க்குப் பத்தாதாம்.”

“அண்ணே, அவர் வேணும்னு செய்யல.”

“தெரியும். அன்னிக்கே தெரியும்.”

“தெரிஞ்சுமா இத்தன வருஷம்?”

“அதை அவன் சொல்லட்டும். டிஸ்கை அழிச்ச மாதிரி வாயையும் இனிட் பண்ணிட்டானா?”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. “நீங்க மட்டும் சொன்னீங்களா? லேபிளை மாத்துனேன், சொல்லாம இருந்தது என் தப்புன்னு நீங்க எங்க வாசல்ல வந்து சொன்னீங்களா?”

வீரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். உடையப்பன் மிஷினை அணைத்தார்.

“டிரைவ் இங்கயே இருக்கட்டும்” என்றார். “வேணும்னா அவன் வந்து எடுத்துக்கட்டும். மாசக் கடைசி வரைக்கும் இங்கதான் இருப்போம்.”

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“கையாலதானே ஆடுனான்? அப்ப அது புரோகிராம் ஜெயிச்சதா ஆகாதுலா.”

“நீங்க வேணும்னு செய்யலன்னு அவருக்கு அன்னிக்கே தெரியுமாம்.”

கார்டு இருந்த இழுப்பறையைத் திறந்து மூடினார். பிறகு, “புலியை எந்த மூலையில கட்டுனான்?” என்று கேட்டார்.

“எனக்கென்ன தெரியும்? போய்க் கேளுங்க. டிரைவ் அங்கதான் இருக்கு. போய் ஒரு வார்த்தை பேசி எடுத்துட்டு வாங்க.”

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை குளித்து, வெளுத்த சட்டை போட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினேன். மெழுகு கால்வாசி கரைவதற்குள் திரும்பி வந்துவிட்டார். புந்தோங் முச்சந்தி வரைக்கும் போனாராம், டயரில் காற்று கம்மியாக இருந்ததாம். நான் போய் அமுக்கிப் பார்த்தேன். டயர் கல்லு மாதிரி இருந்தது. மறுநாள் லோரி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மிஷினும் டிரைவும் சித்தியவானுக்குப் போயின.

போன மாதம் லியோங் கடைப் பக்கம் போனேன். என்னைப் பார்த்ததும் லியோங் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். ஈப்போ சீனர்கள் பேசுகிற மலாயில் சொன்னார், என் வீட்டுக்காரர் வந்திருந்தாராம். இனி யாரும் தொடமாட்டார்கள் என்று மூலையில் போட்டிருந்த அந்தப் பழைய மிஷினுக்கான டிரைவ் ஒன்றை, அதைப் போலவே இருக்கிற ஒன்றை, வாங்கிக்கொண்டு போனாராம். மிஷின் இருக்கிறதா, இல்லாமல் எதற்கு இது என்று லியோங் கேட்டிருக்கிறார். மிஷின் சித்தியவானில் இருக்கிறது, என் கூட்டாளி வீட்டில், என்று சொன்னாராம்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அலமாரி மேலே பார்த்தேன். பெட்டி பிரிக்காமல் இருந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“கூட்டாளியா?” என்றேன்.

சோற்றைப் பிசைந்தார்.

“லியோங்கிட்ட சொல்லத் தெரியுது. அதையே சித்தியவானுக்குப் போய்ச் சொல்றதுக்கு என்ன?”

“மொதல்ல அவன் வரட்டும்” என்றார். “லேபிளை மாத்துனது அவன்தானே.”

தட்டை அவர் முன்னாலிருந்து இழுத்து எடுத்துவிட்டேன். குழம்பு மேசையெல்லாம் வழிந்தது. துடைக்கவில்லை. டிரைவ் இன்னும் அலமாரி மேலேதான் இருக்கிறது, இணைக்க ஒரு மிஷின் இல்லாமல். சித்தியவானுக்கு ஈப்போவிலிருந்து மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது.